இரைப்பையில் 'புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம்': எவ்வளவு அஞ்ச வேண்டும், எதைக் கேட்க வேண்டும்?

எண்டோஸ்கோப்பி முடிந்த சில நாட்களில் திசு ஆய்வு அறிக்கை கைக்கு வருகிறது. அதில் 'அட்ரோபிக் காஸ்ட்ரைட்டிஸ்' என்றோ 'இண்டஸ்டைனல் மெட்டாபிளேசியா' என்றோ ஒரு வரி இருக்கிறது. மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே இணையத்தில் தேடுகிறோம். 'புற்றுநோய்க்கு முந்தைய நிலை' என்ற சொற்கள் கண்ணில் பட்டதும் தூக்கம் போய்விடுகிறது. மறுநாள் மருத்துவரோ, "இது பலருக்கும் இருப்பதுதான், கவலைப்பட ஒன்றுமில்லை" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார். இப்போது குழப்பம் இரண்டு மடங்காகிறது.

இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது, இரண்டும் அரைகுறையானவை. 'முந்தைய' என்ற சொல் வரிசையைச் சொல்கிறதே தவிர, முடிவைச் சொல்லவில்லை. இரைப்பைப் புற்றுநோய் வந்தவர்களின் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால், பெரும்பாலோரிடம் இந்த மாற்றங்கள் இருந்திருக்கும். ஆனால், இந்த மாற்றங்கள் உள்ளவர்களை முன்னோக்கிப் பின்தொடர்ந்தால், மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதே இல்லை. ஒரே பாதைதான், எந்த முனையில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து அச்சமும் ஆறுதலும் மாறுகின்றன. ஆகவே, அறிக்கையில் அந்தச் சொல் இருக்கிறதா என்பதைவிட, எந்தப் படி, எவ்வளவு பரப்பு, எந்தக் காரணம் என்ற மூன்றும்தான் ஒருவருடைய நிலையைத் தீர்மானிக்கின்றன.

உட்சவ்வின் வேலை

இரைப்பையின் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய படலமே உட்சவ்வு. அதில் பல்லாயிரக்கணக்கான நுண்ணிய சுரப்பிகள் புதைந்திருக்கின்றன. சில உயிரணுக்கள் அமிலத்தைச் சுரக்கின்றன. சில, புரதத்தைச் செரிக்கும் நொதியின் முன்வடிவத்தைத் தருகின்றன. மேற்பரப்பில் உள்ளவை கோழையைச் சுரந்து, அந்த அமிலம் இரைப்பையையே அரித்துவிடாமல் காக்கின்றன. மேற்பரப்பு உயிரணுக்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. இத்தனை வேகமாகப் புதுப்பிக்கப்படும் இடத்தில் அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்தால், புதுப்பித்தலில் பிழைகள் சேர வாய்ப்பு அதிகம். மற்றதெல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

படிக்கட்டு

கொலம்பியாவைச் சேர்ந்த நோயியல் நிபுணர் பெலாயோ கொரேயா 1970களில் இந்த மாற்றங்களை ஒரு வரிசையாக அடுக்கிக் காட்டினார். இன்றும் மருத்துவ உலகம் அதைக் 'கொரேயா தொடர்' என்றே அழைக்கிறது.

1. நாட்பட்ட அழற்சி. உட்சவ்வுக்குள் வெள்ளையணுக்கள் குவிந்திருக்கும், ஆனால் சுரப்பிகள் இன்னும் இருக்கும். இது புற்றுநோய்க்கு முந்தைய நிலை என்று எண்ணப்படுவதில்லை. அதற்கான வாசல் மட்டுமே.

2. சுரப்பித் தேய்வு. நீண்ட அழற்சியால் சுரப்பிகள் அழிந்து, உட்சவ்வு மெலிந்துவிடுகிறது. அறிக்கையில் 'அட்ரோபி' என்று வருவது இதுதான்.

3. குடல்வகை மாற்றம். தேய்ந்த இடத்தில் இரைப்பை உயிரணுக்களுக்குப் பதிலாகக் குடலில் இருக்க வேண்டிய உயிரணுக்கள் முளைக்கின்றன. இதுவே இண்டஸ்டைனல் மெட்டாபிளேசியா.

4. பிறழ்வளர்ச்சி. உயிரணுக்களின் வடிவமும் அடுக்கும் குலைந்து, மரபணுக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்ட நிலை. இதன் பெயர் டிஸ்பிளேசியா. இதில் குறைந்த தரம், உயர்ந்த தரம் என இரண்டு வகை உண்டு. 'உயர்ந்த' என்பது இங்கே நல்ல செய்தி அல்ல, குலைவு மிகுதி என்று பொருள்.

5. புற்றுநோய். குலைந்த உயிரணுக்கள் தம் எல்லையைத் தாண்டி அடுத்த அடுக்குக்குள் ஊடுருவுகின்றன.

ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போகப் பொதுவாகப் பல ஆண்டுகள், பல வேளைகளில் பத்தாண்டுகளுக்கும் மேல், ஆகின்றன. பெரும்பாலோர் நடுப்படிகளிலேயே வாழ்நாளைக் கழித்துவிடுகிறார்கள். இரண்டு, மூன்றாம் படிகளுக்கும் நான்காம் படிக்கும் இடையே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மெட்டாபிளேசியாவில் இருப்பவை இடம் மாறி முளைத்த, ஆனால் ஒழுங்கான உயிரணுக்கள். டிஸ்பிளேசியாவில் ஒழுங்கே குலைந்திருக்கிறது. இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

இரைப்பையில் குடல் ஏன் முளைக்கிறது?

அறிக்கைகளில் அதிகம் கலங்கடிப்பது மெட்டாபிளேசியா என்பதால் அதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் எல்லா உறுப்புகளுக்குமான மரபணுத் தகவல் இருக்கிறது. எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்பதே அது இரைப்பையா குடலா என்பதைத் தீர்மானிக்கிறது. குடலின் அடையாளத்தை இயக்கும் சி.டி.எக்ஸ்.2 என்ற மரபணு இயல்பான இரைப்பையில் உறங்கிக் கிடக்கும். நீண்ட அழற்சியில் அது விழித்துக்கொள்கிறது. அமிலமும் அழற்சியும் மாறிமாறித் தாக்கும் இடத்தில், தாக்குப்பிடிக்கக்கூடிய வேறொரு தோலைப் போர்த்திக்கொள்ளும் முயற்சி இது என்று கருத இடமுண்டு. இந்த அழற்சியை உண்டாக்கும் பாக்டீரியா (அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்) இந்தக் குடல்வகைப் பரப்பில் எளிதில் ஒட்டுவதில்லை என்பது அதற்கு ஒரு சான்று.

இதில் இரண்டு வகை உண்டு. மாறிய உயிரணுக்கள் சிறுகுடலைப் போலவே முழுமையாக அமைந்திருந்தால் அது 'முழுமையான' வகை. பெருங்குடலை ஒத்து, இரைப்பைக்கும் குடலுக்கும் இடைப்பட்ட கலவையாக இருந்தால் 'முழுமையற்ற' வகை. பின்னதில் புற்றுநோய் ஆபத்து கூடுதல். 'முழுமையான' என்ற சொல்லைப் பார்த்து, இரைப்பை முழுவதும் மாறிவிட்டது என்று பதறுபவர்கள் உண்டு. அது பரப்பைக் குறிக்கும் சொல்லே அல்ல; இரண்டு வகைகளில் ஆபத்து குறைந்த வகையின் பெயர்.

வகையைவிடவும் பரப்பு முக்கியம். இரைப்பையின் கீழ்ப்பகுதியான ஆன்ட்ரத்தில் ஓரிடத்தில் சிறு திட்டாக இருப்பதும், மேலே இரைப்பையின் நடுப்பகுதியான 'உடற்பகுதி' வரை பரவியிருப்பதும் வேறு வேறு கதைகள். அறிக்கையில் மெட்டாபிளேசியா என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருந்து, இடமும் அளவும் வகையும் இல்லாவிட்டால், அந்த அறிக்கையை வைத்து ஆபத்தை மதிப்பிட முடியாது.

எண்கள் சொல்வது

நெதர்லாந்தில் 1991 முதல் 2004 வரை இத்தகைய மாற்றங்கள் கண்டறியப்பட்ட 92,000க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2008இல் வெளியானது. கண்டறிந்த முதல் ஐந்து ஆண்டுகளில், ஆண்டுக்கு எத்தனை சதவீதம் பேருக்குப் புற்றுநோய் வந்தது என்று அது கணக்கிட்டது. சுரப்பித் தேய்வு உள்ளவர்களில் 0.1 சதவீதம், மெட்டாபிளேசியாவில் 0.25, குறைந்த, நடுத்தர டிஸ்பிளேசியாவில் 0.6, கடுமையான டிஸ்பிளேசியாவில் 6 சதவீதம்.

கடைசி எண்ணுக்கு வரும்போது ஏற்படும் பாய்ச்சலைக் கவனியுங்கள். மெட்டாபிளேசியா உள்ள 400 பேரில் ஓர் ஆண்டில் ஒருவர். கடுமையான டிஸ்பிளேசியா உள்ள 400 பேரில் 24 பேர்.

ஸ்வீடனில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் திசு ஆய்வுகளை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வு 2015இல் வந்தது. அது 20 ஆண்டுகளைக் கணக்கில் எடுத்தது. இயல்பான உட்சவ்வு உடையவர்களில் 256 பேரில் ஒருவருக்கு இரைப்பைப் புற்றுநோய் வரும் என்று அது மதிப்பிட்டது. வெறும் அழற்சி என்றால் 85 பேரில் ஒருவர், சுரப்பித் தேய்வு என்றால் 50 பேரில் ஒருவர், மெட்டாபிளேசியாவில் 39 பேரில் ஒருவர், டிஸ்பிளேசியாவில் 19 பேரில் ஒருவர்.

இந்த இரண்டு நாடுகளிலும் இரைப்பைப் புற்றுநோய் பொதுவாகக் குறைவு. ஜப்பான், கொரியா போன்ற அதிகம் காணப்படும் நாடுகளில் ஆபத்து இதைவிடக் கூடுதலாக இருக்கும். அதோடு, இவை கூட்டத்தின் சராசரிகள். சிறு திட்டு உள்ளவரும் பரவலான மாற்றமும் குடும்ப வரலாறும் உள்ளவரும் ஒரே எண்ணுக்குள் கலந்திருக்கிறார்கள். முன்னவருக்கு அந்த எண் மிகையானது, பின்னவருக்குக் குறைவானது.

காரணம்: ஒரு பாக்டீரியா, ஆனால் அது மட்டுமல்ல

1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இரைப்பையிலிருந்து ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. இடையில், 1994இல், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்தப் பாக்டீரியாவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் பிரிவில் சேர்த்தது. ஜப்பானில் 1,526 பேரைச் சராசரியாக 7.8 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், தொற்று இருந்த 1,246 பேரில் 36 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்தது. தொற்று இல்லாத 280 பேரில் ஒருவருக்குக்கூட வரவில்லை.

ஆனால் தொற்று உள்ள எல்லோரும் படியேறிக்கொண்டே போவதில்லை. கொலம்பியாவின் கடலோரப் பகுதியிலும் மலைப் பகுதியிலும் பெரும்பாலான மக்களுக்கு இந்தத் தொற்று இருக்கிறது. ஆனால் புற்றுநோயோ மலையில் பல மடங்கு அதிகம். பாக்டீரியாவின் எந்த வகை, அது எந்த மரபினரின் உடலில் குடியேறியது, உணவில் உப்பு எவ்வளவு, புகைப்பழக்கம் உண்டா என்பவையெல்லாம் சேர்ந்தே திசையைத் தீர்மானிக்கின்றன. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் யாருக்கேனும் இரைப்பைப் புற்றுநோய் இருந்தால் ஆபத்து தெளிவாகவே கூடுகிறது.

பாக்டீரியாவை அழித்தால் பயன் உண்டா?

உண்டு. எவ்வளவு சீக்கிரம் அழிக்கிறோமோ அவ்வளவு பயன். சீனாவில் ஏழரை ஆண்டுகள் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2004இல் வெளியானது. சிகிச்சையின்போது தேய்வோ மெட்டாபிளேசியாவோ இல்லாதிருந்தவர்களில், பாக்டீரியா அழிக்கப்பட்ட ஒருவருக்கும் அந்த ஏழரை ஆண்டுகளில் புற்றுநோய் வரவில்லை. போலி மாத்திரை பெற்றவர்களில் ஆறு பேருக்கு வந்தது. மாற்றங்கள் ஏற்கெனவே இருந்தவர்களிடம் அத்தகைய தெளிவான வேறுபாடு தெரியவில்லை. மெட்டாபிளேசியா வந்துவிட்டால் 'திரும்ப முடியாத கட்டம்' என்ற பேச்சு பரவியதற்கு இத்தகைய முடிவுகளே காரணம்.

அந்தப் பேச்சை நம்பி சிகிச்சையைக் கைவிடுவது பெருந்தவறு. கொரியாவில், தொடக்கநிலைப் புற்றுநோயே வந்து எண்டோஸ்கோப்பி வழியாக அதை அகற்றியவர்களிடம் நடத்திய சோதனை 2018இல் வெளியானது. பாக்டீரியா சிகிச்சை பெற்றவர்களில் 7.2 சதவீதம் பேருக்கு மீண்டும் புதிய புற்றுநோய் வந்தது, பெறாதவர்களில் 13.4 சதவீதம். படிக்கட்டின் உச்சிக்கே போனவர்களுக்குக்கூட ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது என்றால், நடுப்படியில் இருப்பவருக்குக் 'காலம் கடந்துவிட்டது' என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை. சுரப்பித் தேய்வு சிகிச்சைக்குப் பின் ஓரளவு மீள்கிறது. மெட்டாபிளேசியா மீள்வது அரிது, மெதுவானது. ஆனால் மேலும் ஏறாமல் நிறுத்துவதே பெரிய வெற்றி.

பாக்டீரியா இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையிலும் சில நுட்பங்கள் உண்டு:

1. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை இரண்டு வாரமும், ஆன்டிபயாடிக் மருந்துகளை நான்கு வாரமும் மருத்துவரின் ஆலோசனையோடு நிறுத்திய பிறகே மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்ய வேண்டும். இல்லாவிட்டால், பாக்டீரியா இருந்தும் 'இல்லை' என்று வரலாம்.

2. சிகிச்சை முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து மறுசோதனை அவசியம். மருந்துகளை எதிர்க்கும் வகைகள் பெருகிவருவதால், மாத்திரைகளை முழுமையாக உட்கொண்டும் தொற்று எஞ்சியிருப்பது அரிதல்ல. மறுசோதனைக்கு இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை பயன்படாது. தொற்று போன பிறகும் அது நெடுநாள் 'உண்டு' என்றே காட்டும்.

3. தேய்வு முற்றிய இரைப்பையில் பாக்டீரியாவால் வாழ முடிவதில்லை. ஆகவே, 'பைலோரி இல்லை' என்ற முடிவு அங்கே நல்ல செய்தி என்று பொருளல்ல. முன்பு இருந்து, தன் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கலாம்.

வலியை அளவுகோலாக்கக் கூடாது

நெஞ்செரிச்சலும் வயிற்று உப்புசமும் கூடினால் புற்றுநோய் நெருங்குகிறது என்றும், அவை குறைந்தால் மாற்றங்கள் குணமாகிவிட்டன என்றும் பலர் எண்ணுகிறார்கள். இரண்டும் பிழை. சுரப்பித் தேய்வும் மெட்டாபிளேசியாவும் தமக்கென அறிகுறி எதையும் தருவதில்லை. தேய்வு முற்றினால் அமிலம் சுரக்கும் உயிரணுக்களே குறைந்து, எரிச்சல் தணியக்கூடும். உள்ளே நிலைமை மோசமாகியிருக்க, வெளியே நிம்மதி தோன்றும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் வலியைத் தணிக்குமே ஒழிய இந்த மாற்றங்களைக் குணப்படுத்துவதில்லை.

மாறாக, காரணமின்றி எடை குறைதல், விழுங்குவதில் தடை, கறுத்த மலம், இரத்தசோகை, ஓயாத வாந்தி ஆகியவை எப்போது வந்தாலும், பழைய அறிக்கை என்ன சொன்னாலும், உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஐந்து துணுக்குகளின் கதை

மாற்றங்கள் உட்சவ்வில் திட்டுத்திட்டாகவே பரவுகின்றன. ஒரே ஓர் இடத்தில் கிள்ளி எடுத்த துணுக்கு நல்ல இடத்தில் விழுந்திருக்கலாம், கெட்ட இடத்திலும் விழுந்திருக்கலாம். இதனால்தான் 'சிட்னி முறை' என்ற வழக்கம் உருவானது. ஆன்ட்ரத்தில் இரண்டு, ஆன்ட்ரத்துக்கும் உடற்பகுதிக்கும் இடையிலுள்ள வளைவு மடிப்பில் ஒன்று, உடற்பகுதியில் இரண்டு என ஐந்து துணுக்குகள் எடுத்து, ஆன்ட்ரத்துக்கும் உடற்பகுதிக்கும் உரியவற்றைத் தனித்தனிக் குப்பிகளில் இட்டு அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் ஒரே குப்பியில் போட்டால், எது எங்கிருந்து வந்தது என்பதை நோயியல் நிபுணரால் சொல்ல இயலாது. பரப்பு பற்றிய தகவல் அங்கேயே தொலைந்துவிடும்.

இவ்வாறு இடவாரியாகப் பார்த்தால் 'ஓல்கா', 'ஓல்ஜிம்' என்ற அளவுகோல்களில் 0 முதல் 4 வரை நிலை குறிக்கலாம். முன்னது தேய்வை அளப்பது, பின்னது மெட்டாபிளேசியாவை அளப்பது. 3, 4ஆம் நிலைகளே உயர் ஆபத்து. 'முந்தைய நிலை' என்ற மங்கலான சொல்லைவிட இந்த ஓர் எண் நோயாளிக்கு எவ்வளவோ பயனுள்ளது.

மறுபடியும் எப்போது எண்டோஸ்கோப்பி?

இங்கே நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை. 2019இன் ஐரோப்பிய வழிகாட்டுதல், மாற்றம் பரவலாக உள்ளவர்களுக்கு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அவர்களில் குடும்ப வரலாறும் உள்ளவர்களுக்கு ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் எண்டோஸ்கோப்பி செய்யச் சொல்கிறது. ஓரிடத்தில் மட்டும் சிறிதளவு மெட்டாபிளேசியா இருந்து வேறு ஆபத்துக் காரணிகள் இல்லாவிட்டால் கண்காணிப்பே வேண்டியதில்லை என்கிறது. 2020இன் அமெரிக்க வழிகாட்டுதல், மெட்டாபிளேசியா உள்ள எல்லோரையும் வழக்கமாகக் கண்காணிக்கத் தேவையில்லை, ஆபத்து கூடுதலானவர்கள் மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம் என்கிறது. இரண்டுக்கும் பொதுவான கரு ஒன்றுதான்: சொல்லைப் பார்த்து அல்ல, ஆளைப் பார்த்து முடிவு.

டிஸ்பிளேசியாவில் இந்த நிதானத்துக்கு இடமில்லை. முதலில் இன்னொரு நோயியல் நிபுணர் அதே துணுக்குகளைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். அழற்சியால் வீங்கிய உயிரணுக்கள் டிஸ்பிளேசியாவைப் போலத் தோற்றமளிப்பதுண்டு. உறுதியானால், உயர்தரக் கருவியால் உடனே மறுபடி பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் புண்ணோ மேடோ இருந்தால் எண்டோஸ்கோப்பி வழியாகவே அகற்றிவிடலாம். பெரும்பாலும் வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. எதுவும் தெரியாவிட்டால், உயர்ந்த தரத்துக்கு ஆறு மாதத்திலும் குறைந்த தரத்துக்கு ஓராண்டிலும் திரும்பப் பார்க்க வேண்டும். உயர்ந்த தரம் என்று குறிக்கப்பட்ட இடத்தை அகற்றிப் பார்க்கும்போது உள்ளே புற்றுநோயே ஒளிந்திருப்பதும் உண்டு. அந்தக் கட்டத்தில் அகப்பட்டால்கூடப் பிழைப்பு விகிதம் மிக நன்றாக இருக்கிறது: ஜப்பானில் தொடக்கநிலை இரைப்பைப் புற்றுநோயில் ஐந்தாண்டுகளுக்கு மேல் வாழ்பவர்கள் 90 சதவீதத்துக்கும் அதிகம்.

படிக்கட்டுக்கு வெளியே

எல்லா இரைப்பைப் புற்றுநோயும் இந்தப் படிகளில் ஏறி வருவதில்லை. உயிரணுக்கள் கட்டியாகத் திரளாமல் சுவரெங்கும் ஊடுருவும் 'பரவல்' வகை, மெட்டாபிளேசியா இல்லாமலே வரலாம். அதில் ஒரு சிறு பங்கு சி.டி.எச்.1 என்ற மரபணுக் கோளாறால் குடும்பவழியாக வருகிறது.

பாக்டீரியா இல்லாமல், உடலின் எதிர்ப்பாற்றலே அமிலம் சுரக்கும் உயிரணுக்களை அழிப்பதாலும் தேய்வு வரும். அப்போது தேய்வு இரைப்பையின் உடற்பகுதியில் மட்டும் இருக்கும். வைட்டமின் பி12, இரும்புக் குறைபாடுகள் கூடவே வரலாம். உடற்பகுதியில் தேய்வு என்று அறிக்கை சொன்னால் இந்த இரண்டின் அளவையும் பார்க்கச் சொல்லிக் கேட்பது நல்லது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

1. எத்தனை இடங்களிலிருந்து துணுக்குகள் எடுக்கப்பட்டன? ஆன்ட்ரமும் உடற்பகுதியும் தனித்தனியே ஆராயப்பட்டனவா?

2. தேய்வா, மெட்டாபிளேசியாவா, டிஸ்பிளேசியாவா? மெட்டாபிளேசியா என்றால் முழுமையான வகையா, முழுமையற்றதா? ஓல்கா அல்லது ஓல்ஜிம் நிலை என்ன?

3. பைலோரி சோதனை எந்த முறையில் செய்யப்பட்டது? சிகிச்சைக்குப் பின் அது போய்விட்டது என்று எப்போது உறுதிசெய்யப்படும்?

4. அடுத்த எண்டோஸ்கோப்பி தேவையா? தேவையென்றால் எந்த ஆண்டு, எந்தக் காரணத்தால்? இந்த அறிக்கையைப் பத்திரமாக வைத்திருந்து அப்போது கொண்டுபோக வேண்டும். மாற்றம் நின்றிருக்கிறதா நகர்ந்திருக்கிறதா என்பது ஒப்பிட்டால்தான் தெரியும்.

5. பைலோரி தொற்று பெரும்பாலும் சிறுவயதில் வீட்டுக்குள்ளேயே தொற்றுகிறது. என் உடன்பிறந்தோரும் வளர்ந்த பிள்ளைகளும் சோதித்துக்கொள்ள வேண்டுமா? அவர்களில் யாரேனும் இன்னும் முதல் படியில் இருந்தால், சிகிச்சையின் முழுப் பயனும் கிடைக்கக்கூடியவர்கள் அவர்கள்தான்.